துள்ளல் எண்

எங்கள் வீட்டு மதிலோரம் நிற்கிற மாமரத்தில் யார் கல்லெறிந்தாலும் நான் திட்ட மாட்டேன், மேடம். என் மனைவி பிரமீளாதான் திட்டுவாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். மாங்காய் அடுத்த வருஷமும் காய்க்கும். போனால் திரும்பி வராத பொருளில்தான் நான் கொஞ்சம் கறார்.

இந்த வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டது உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் மேல் உள்ள சந்தேகத்தால் அல்ல. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதினால் ஏதாவது ஒன்று மாறத்தான் செய்யும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மிச்சமுள்ள இடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடித்து, கோட்டின் மேலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பின்னால் யாரும் ஒரு வரி நுழைக்க முடியாது. நேற்று நான் இப்படித்தான் செய்வேன் என்றதும் நீங்கள் சிரித்தீர்கள். பரவாயில்லை, பலரும் சிரித்திருக்கிறார்கள்.

என் பெயர் சுகுணன். கட்டட இன்ஜினியர். கூரிக்குன்னு கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். நீங்கள் கொல்லத்துக்காரர் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலப்புறத்தில் அறுவடை முடிந்து வயல் காய்ந்தால் செவன்ஸ் பந்தாட்டம் தொடங்கிவிடும். அணிக்கு ஏழு பேர். வயலைச் சுற்றிக் கமுகு மரங்களைக் காலாக நட்டு, குறுக்கே கட்டி, பலகை பரப்பிப் படிப்படியாக கேலரி எழுப்புவார்கள். பருவம் முடிந்ததும் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். நாலு மாதத்துக்கு நிற்கிற கட்டடம், ஆனால் அதன் மேல் ஊரே உட்காரும். எத்தனை கால் நட வேண்டும், குறுக்குக் கம்பு எத்தனை என்று கணக்குப் போட்ட தாளில் ஒரு இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் பஞ்சாயத்தில் அனுமதி கிடைக்காது. அந்தத் தாளைத் தருகிற எக்ஸல் ஷீட் நான் செய்தது.

நீளம், வரிசை, கமுகின் பருமன், மண்ணின் ஈரம் எல்லாவற்றையும் மஞ்சள் கட்டங்களில் நிரப்பினால் போதும். கால் எத்தனை, கயிறு எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும். அடியில் ஒரு பெரிய கட்டம் உண்டு. கேலரி தாங்குமென்றால் அது பச்சையாகும், தாங்காதென்றால் சிவப்பாகும். பள்ளிக்கூடம் போகாதவன்கூட அந்தக் கட்டத்தைப் படித்துவிடலாம்.

அந்தப் பச்சைக்குப் பின்னால் ஒரு எண் இருக்கிறது. ஜனங்கள் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் கனம் ஒன்று. கோல் விழுந்தால் எல்லோரும் ஒரே நொடியில் எழும்பி, ஒரே நொடியில் இறங்குகிறார்கள். அப்போது அதே கனம் பல மடங்காகிக் கால்களில் இறங்கும். புத்தகத்தில் இதற்கும் ஒரு எண் போட்டிருக்கிறார்கள். அது எங்கோ சிமெண்டுப் படியில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்களைப் பார்த்துப் போட்டது. எங்கள் ஆட்கள் ஒரு தடவை எழுந்தால் பக்கத்தில் இருப்பவன் தோளைக் கட்டிக்கொண்டு, செண்டை மேளத்துக்கு ஏற்றபடி குதித்துக்கொண்டே இருப்பார்கள். பருவம் பருவமாக நான் கேலரிக்கு அடியில் போய், கமுகில் கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மேலே கோல் விழும், என் தலையில் மண்ணும் பீடித் துண்டும் கொட்டும். நான் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை, அதிர்வைத்தான் பார்த்தேன். அப்படிச் சேர்த்துச் சேர்த்துக் கண்டுபிடித்ததுதான் என் துள்ளல் எண். அது வேறு எவரிடமும் கிடையாது.

இதற்கு முன் வீடுகளுக்கு பீம் கணக்குப் போட ஒரு ஷீட் செய்திருந்தேன். பாஸ்வேர்டு போட்டேன், கட்டங்களைப் பூட்டினேன், சூத்திரங்களை மறைத்தேன். ஒரே வருஷத்தில் அது மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. என் பெயர் இருந்த இடத்தில் வேறு வேறு பெயர்கள் இருந்தன. ஒருவன் அதை எனக்கே விற்க வந்தான். நான் கட்டன் சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அந்த ஷீட்டை உடைத்தவன் ஜிஷ்ணு. என்னிடம் வேலை பழகியவன், பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சொந்தமாக ஆபீஸ் போட்டான். ஒரு கல்யாண வீட்டில், பிரியாணிக்கு வரிசையில் நிற்கும்போது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"சாரோட ஷீட்டாலதான் எங்க செட்டுல அத்தன பேரும் பொழைக்கிறோம். பாஸ்வேர்டா? சாயா ஆறதுக்குள்ள ஒடச்சுட்டோம்ல!"

பக்கத்தில் நின்ற ஸைதலவிதான் அதிகம் சிரித்தார். ஸைதலவி கேலரி காண்ட்ராக்டர், என்னிடம் முதன்முதலில் கேலரி ஷீட் வாங்கியவர், அறுபது வயது.

"நம்ம சார் பூட்டு மட்டும் பத்து போடுவாரு மோனே. கதவு வைக்கத்தான் மறந்துருவாரு" என்றார்.

நானும் சிரித்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டதைக் கவனித்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்வார்களா?

பூட்டு உடையும் என்று தெரிந்த பிறகும் பூட்டையே பெரிதாக்கிக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம் அல்ல. திருடனை உள்ளே விட்டுவிட வேண்டும். உள்ளே வந்தவன் தனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று நம்ப வேண்டும். கேலரி ஷீட்டை வெளியே கொடுப்பதற்கு முன் நான் யோசித்தது இவ்வளவுதான். திறந்ததும் 'இது திருட்டுப் பிரதி' என்று எழுத்து வரும்படி செய்தால் அதையும் ஒருவன் எடுத்துவிடுவான். கண்டபடி எண் வரும்படி செய்தால் சந்தேகப்பட்டு என் தப்பைத் திருத்தவும் செய்வான். அதனால் ஷீட் தான் இருக்கிற கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் நம்பரை ஓசையில்லாமல் பார்க்கும். நான் ஏற்றிக்கொடுத்த கம்ப்யூட்டர் என்றால் துள்ளல் எண் முழுதாக வேலை செய்யும். வேறு கம்ப்யூட்டர் என்றால் அந்த இடத்தில் வெறும் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாது என்பது உங்களுக்குத் தெரியும். திருட்டுப் பிரதியில் கோல் விழுந்தாலும் யாரும் எழுந்து நிற்பதில்லை, மேடம். ஊரே அடக்கமாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கணக்கிலும் கட்டம் பச்சையாகத்தான் வரும்.

இதில் நான் எதையும் தப்பாகச் செய்ததாக அப்போது தோன்றவில்லை. ஷீட்டில் மற்றதெல்லாம் புத்தகத்தில் இருப்பது. துள்ளல் எண் ஒன்றுதான் என்னுடையது. என்னுடையதை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்ட அடையாளமாக, அந்தப் பிரதியிலிருந்து அச்சாகும் தாளில் மட்டும் பக்க எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி விழும்படி வைத்தேன். அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று என் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும்.

நான்கு காண்ட்ராக்டர்களுக்குக் கொடுத்தேன். நானே அவரவர் வீட்டுக்குப் போய், அவரவர் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெண்டிரைவை அங்கேயே துடைத்துவிட்டு வந்தேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினேன். கம்ப்யூட்டரை மாற்றினால் எனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஏன் தெரிவிக்க வேண்டும் என்று இல்லை. காரணத்தை எழுதினால் அப்புறம் பொறி எதற்கு?

இந்தப் பருவம் தொடங்கும் முன் ஒருநாள் ஸைதலவி என்னை போனில் அழைத்தார். நான் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தார். பிரமீளா சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"சுகுணேட்டா, அந்த மனுஷன் இவ்வளவு தடவ கூப்பிடுறாரு. எடுத்து என்னன்னு கேட்டாத்தான் என்ன?"

"எதுக்குக் கூப்பிடுறான்னு எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும் உங்களுக்கு?"

"ஷீட்ட அந்தப் பய ஜிஷ்ணுகிட்ட குடுத்திருப்பான். மாட்டிக்கிறதுக்கு முன்னாடியே ஏதாவது சாக்கு சொல்லி வெக்கப் பாக்குறான்."

"உங்களுக்குப் பல் தேய்க்கிற பிரஷ் மேலகூட சந்தேகம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சில நாள் கழித்துப் பந்தாட்டக் கமிட்டிக்கு நன்கொடை கொடுக்கப் போயிருந்தேன். செயலாளர் மேஜையில் கேலரியின் கணக்குத் தாள் கிடந்தது. மேலே ஸைதலவியின் பெயர். கீழே கையெழுத்து ஜிஷ்ணுவுடையது. எப்போதும் நான்தான் போடுவேன். பக்க எண்ணைப் பார்த்தேன். பின்னால் புள்ளி இருந்தது.

எனக்கு ஏற்பட்டது கோபம் அல்ல. சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை காலம் என்னைச் சந்தேகப் பிராணி என்று சொன்னவர்கள் எல்லோருக்கும் அந்தப் புள்ளி பதில் சொல்லிவிட்டது. செயலாளர் கொடுத்த பழம்பொரியை ரசித்துத் தின்றேன்.

ஆபீசுக்கு வந்து அந்தத் தாளில் இருந்த கால் எண்ணிக்கையை என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அங்கே துள்ளல் எண் முழுதாக இருக்கிறதல்லவா? பெரிய கட்டம் சிவப்பாக வந்தது. ஓரமாக அல்ல, நல்ல சிவப்பு. ஃபைலை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

நேற்று நான் இதைச் சொன்னபோது நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தீர்கள். நானும் யோசிக்காமல் இல்லை. கமுகு நல்ல முற்றின மரம், கட்டுகிறவர் அனுபவசாலி, எல்லா ஆட்டத்துக்கும் கேலரி நிறையாது. சிவப்பு என்றால் விழும் என்று அர்த்தம் இல்லை, விழலாம் என்றுதான் அர்த்தம். இப்படித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அடுத்ததைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். கேட்டவர் இப்போது இல்லை, சாயாக்கடையில் வேறு யாரும் காதில் வாங்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். கேலரி பாதி எழும்பியிருந்தபோது ஸைதலவி சாயாக்கடையில் நேரே என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். வேட்டியெல்லாம் சேறு.

"சாரே, போன் பண்ணிப் பண்ணி அலுத்துட்டேன். கோவமா? கல்யாண வீட்ல வாய் சும்மா இல்லாம ஒண்ணு சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"கோவமெல்லாம் இல்ல. வேலை."

"கையெழுத்துக்கு நீங்க கெடைக்கல, கமிட்டிக்காரன் அவசரப்படுத்துறான். அதான் ஜிஷ்ணுகிட்ட போனேன். அவன் தாளப் பாக்கக்கூட இல்ல சாரே. 'சுகுணன் சாரோட ஷீட்டா? அப்ப கண்ண மூடிட்டுப் போடலாம் இக்கா'ன்னு போட்டுட்டான்."

அவர் சாயாவை ஆற்றினார்.

"ஒரு விஷயம் கேக்கணும். இந்த வருஷம் கால் கம்மியா வருது. நடந்து பாத்தா காலுக்குக் கால் எடவெளி ஜாஸ்தியா இருக்கிற மாதிரி ஒரு தோணல். நான் இன்னும் நாலு கமுகு சேத்து நட்டுரவா? இல்ல ஷீட் சொல்றது சரிதானா?"

என் வாயிலிருந்தே வரவழைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். திருடின ஷீட்டுக்கு என்னிடமே உத்தரவாதம் கேட்கிற துணிச்சலைப் பாருங்கள் என்று உள்ளுக்குள் கொதித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"பச்சை வந்துச்சா?"

"பச்சைதான்."

"அப்ப ஷீட்ட நம்புங்க இக்கா. கட்டம் பொய் சொல்லாது."

அவர் முகம் தெளிந்துவிட்டது. என் சாயாவுக்கும் சேர்த்துக் காசு வைத்துவிட்டுப் போனார்.

ஆட்டங்கள் தொடங்கின. நான் எல்லா நாளும் போனேன். கேலரிக்கு எதிர்ப்பக்கம், தரையில் போட்ட நாற்காலி வரிசையில்தான் உட்கார்ந்தேன். ஆரம்ப ஆட்டங்களுக்குக் கூட்டம் குறைவு. கோல் விழுந்தால் அங்கங்கே கொஞ்சம் பேர் துள்ளுவார்கள், பலகை கிறீச்சிடும், அவ்வளவுதான். என் எண்ணே தப்போ என்றுகூட ஒரு பயம் வந்தது. அந்தப் பயம்தான், மேடம், மற்ற எதையும்விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

அரையிறுதிக்கு ஊரே வந்தது. கேலரியில் எள் போட்டால் கீழே விழாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல் வரிசையில் கொடி பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோல் விழக்கூடாது என்று நான் மனதார வேண்டிக்கொண்டேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். கெட்ட எண்ணம் உள்ளவன் அப்படி வேண்டுவானா? வெகுநேரம் வரைக்கும் கோல் விழவும் இல்லை. போனை எடுத்து ஸைதலவியின் பெயரைக்கூடத் திரையில் வரவழைத்தேன். அழைத்தால் என்ன சொல்வது? ஆட்களை இறக்கு என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் பொறி அன்றோடு முடிந்தது, அடுத்த பருவத்துக்குள் அதையும் உடைத்துவிடுவார்கள். போனைப் பையில் போட்டேன்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து ஆடக் கூட்டிவந்த கானா நாட்டுப் பையன் ஒருவன் இரண்டு பேரைத் தாண்டி அடித்தான். நல்ல கோல் என்று பிறகு சொன்னார்கள். நான் பந்தைப் பார்க்கவில்லை, கேலரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். முதல் இறக்கத்தைத் தாங்கியது. இரண்டாவதையும் தாங்கியது. அதற்குள் செண்டை சேர்ந்துகொண்டது. அப்புறம் நடு வரிசையில் கால்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன, பலகைகள் மேல் வரிசையிலிருந்து வழிந்து வந்தன. என் கணக்கு சொன்ன இடத்திலேயேதான் விட்டது.

ஆட்டம் நடக்கும்போது ஆப்பு தளர்கிறதா என்று பார்க்க, காண்ட்ராக்டர் சுத்தியலோடு கேலரிக்கு அடியில் போய் நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஸைதலவி எந்த ஆட்டத்திலும் அதைத் தன் ஆட்களிடம் விட்டதில்லை. அவரையும் அங்கேதான் எடுத்தார்கள். மற்றவர்களின் எண்ணிக்கை உங்களிடம் இருக்கிறது, அதில் பிள்ளைகள் எத்தனை என்பதும் இருக்கிறது. நான் பலகைகளைத் தூக்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். இதற்கும் சாட்சி உண்டு.

நேற்று நீங்கள் ஸைதலவியின் மகள் ஹிபாவை அழைத்து வந்து என் முன்னால் உட்கார வைத்தீர்கள். பழைய கம்ப்யூட்டர் மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து கெட்டுப்போனதாம். கெடுவதற்கு முன் ஃபைலை அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாளாம். துபாயில் இருக்கிற அண்ணன் அனுப்பிய புது லேப்டாப்பில் அதைப் போட்டாளாம். "'கம்ப்யூட்டர் மாத்துனா சாருக்குச் சொல்லணும்னு எழுதிக் குடுத்திருக்கேன், சொல்லாம இருந்தா தப்பு'ன்னுதான் வாப்பா அன்னைக்கு அத்தன தடவ போன் போட்டாரு" என்று சொல்லிவிட்டு அழுதாள். ஜிஷ்ணுவின் கம்ப்யூட்டரை நீங்கள் சோதித்ததில் என் கேலரி ஷீட் அதில் இல்லவே இல்லை என்றீர்கள். யாருமே எதையும் திருடவில்லை என்றீர்கள்.

எனக்கு ஒரு நிமிஷம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் பிறகு லாக்கப்பில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். அந்தப் பெண் கல்லூரியில் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தீர்களா? ஃபைலைப் பத்திரப்படுத்தத் தெரிந்தவளுக்கு அதை நாலு தோழிகளுக்கு அனுப்பத் தெரியாதா? நான் குற்றம் சாட்டவில்லை. விசாரிக்கத்தான் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். அந்தக் கேலரி தாங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே ஸைதலவியை நம்பச் சொன்னேன். தெரிந்தே எதிரே உட்கார்ந்து பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்றுதான் பாக்கி. மாவட்டத்தில் நிற்கிற மற்ற கேலரிகளைச் சரிபார்க்க நிபுணர் குழு என் துள்ளல் எண்ணைக் கேட்கிறது. மற்ற மூன்று காண்ட்ராக்டர்களும் போலீசுக்குப் பயந்து ஃபைலை அழித்துவிட்டார்கள். என் கம்ப்யூட்டரை நீங்கள் எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று தெரிந்து, அதிலிருந்து நானே அழித்துவிட்டேன். இப்போது அது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ, விபத்துக்குப் பிறகு போட்ட தடையை மீறி ஃபைனல் நடத்தப் போகிறார்களாம், பிள்ளைகள் எல்லாம் ஏறி உட்காருவார்கள், அந்த எண்ணை மட்டுமாவது இங்கே எழுதுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டீர்கள். நீங்கள் நல்லவர். ஆனால் இந்தத் தாளை கோர்ட்டுக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று என்று நகல் எடுப்பீர்கள். அது யார் யார் கைக்குப் போகும் என்று உங்களால் எனக்கு உறுதி சொல்ல முடியுமா, மேடம்?